செம்மண்டலத்திலிருந்து வந்த மாப்பிள்ளைத் தவளை

தம்பி,

பெங்களூர் வண்டி ஏறுவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அந்தப் பேராசிரியருக்கு நீயே சால்வை போத்தினியேம்மா, மனசு ஆறிடுச்சா?" என்றாய். நான் உன் மகளுக்குப் பின்னல் போட்டு முடித்து ரிப்பன் கட்டினேன். ஆறிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகப் போனாய். அன்றைக்கு உன் டாக்டர் பட்டம் கைக்கு வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. தபால்காரரிடம் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனிமேல் அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று விஷயம் தெரிந்த ரெண்டு பேரிடம் விசாரித்தும்விட்டேன். ஆகவே இப்போது பதில் சொல்கிறேன். ஆறவில்லை. கொஞ்சம்கூட ஆறவில்லை. இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய், உன் குணம் அப்படி. அதனால்தான் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அப்பா காலேஜ்களுக்குத் தவளை பிடித்துக் கொடுத்தவர். பிள்ளைகள் அறுத்துப் படிப்பதற்காக ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்துப் பின்வாசலில் நிற்பார். உள்ளேயிருந்து ஆள் வரும்வரை நிற்பார், சில நாள் மத்தியானம்வரை. அவர் போன பிறகு, சுனாமிக்கு அடுத்த வருஷம், நீ சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். தவளைகளைப் பற்றித்தான் என்றாய். எனக்கு முதலில் கசந்தது. உன்னைச் சேர்க்கிற அன்றைக்குக் கூட வந்தேன், நீ முன்வாசல் வழியாக உள்ளே போனதைப் பார்த்தேன், கசப்பு போய்விட்டது. கீரப்பாளையம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் என் மகன் ஆராய்ச்சி பண்ணுகிறான் என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அப்போது நீ எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். உலகம் முழுக்கத் தவளைகளுக்குத் தோலில் ஒரு நோய் வருகிறது, தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கும், தோலாலும் மூச்சு விடும், தோல் கெட்டால் செத்துப்போகும் என்றாய். அந்த நோய் நம் பக்கத்தில் எந்தக் குளத்தில் இருக்கிறது, எந்தக் குளத்துத் தவளை அதைத் தாங்கும் என்று பார்க்கப் போகிறேன் என்றாய். பஞ்சு சுற்றிய குச்சியால் தவளையின் வயிற்றைத் தடவி எடுப்பாய். கால் விரல் நுனியில் துளி வெட்டி எடுப்பாய். எல்லாம் சுண்டுவிரல் அளவு குழாய்களில் போகும். டி.என்.ஏ. என்றால் என்ன என்று கேட்டேன். "சாடைம்மா. நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மூக்குச் சாடை இருக்குல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு குளத்துத் தவளைக்கும் உள்ளுக்குள்ள ஒரு சாடை இருக்கு" என்றாய். உன் நாலு குளங்களில் ரெண்டு எனக்கு நல்லாத் தெரிந்தவை. ஒன்று நம் ஊர்க் குளம். இன்னொன்று கடலூர் செம்மண்டலத்தில் உன் மாமா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டை. அந்தக் குட்டையில் மட்டும் நோய் இருந்தது. நம் குளம் சுத்தம். ஒரு குளத்துத் தவளையை, தண்ணீரை, சேற்றைக்கூட இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, வாளியைக்கூட வெயிலில் காயவைக்க வேண்டும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாய்.

பிறகு நீ மூன்று மாதப் பயிற்சிக்காக ஹைதராபாத் போனாய். அந்த வருஷம் மழை இல்லை. வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை, நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் கூடித் தவளைக் கல்யாணம் நடத்தலாம் என்றார்கள். குளத்தில் ரெண்டைப் பிடித்து, மஞ்சள் தண்ணி தெளித்து, ஒன்றுக்குத் தாலி கட்டித் திரும்ப விட்டுவிடலாம் என்று பேச்சு. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "ஒரே குளத்துல பொறந்ததுக்கு எப்படித் தாலி கட்டுவீங்க? அண்ணன் தங்கச்சி முறை ஆயிடாதா?" என்றேன். அதுவும் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியதே என்று எனக்குத் தலை கனத்துவிட்டது. மாப்பிள்ளையை நான் கொண்டுவருகிறேன், தாய்மாமன் ஊரிலிருந்தே முறைப்படி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

உன் மாமா குட்டை ஓரத்துச் சேற்றைத் தோண்டி ஆறேழு எடுத்துப் போட்டார். தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தால் ஆண் என்பது தவளைக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா, பெரிதாக ஒன்றைப் பொறுக்கினேன். "பையனைக் குடுக்கிறது நான். சீர் வரிசை எங்க?" என்று உன் மாமா ஒரே ரகளை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் வாளியில் இன்னா என்று கேட்டார். மாப்பிள்ளை என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் வேணுமா?" என்றார். சிதம்பரம்வரை பஸ்ஸில் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாள் மேளத்தோடு கல்யாணம். ரெண்டையும் நம் குளத்தில் விட்டோம். எட்டாம் நாள் மழை கொட்டியது. ஊரே என்னைக் கொண்டாடியது.

நீ சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை, தம்பி. அதை மீன் பிடிக்கிறவர்களுக்கும் வாத்து மேய்க்கிறவர்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நான் செய்தது கல்யாணம். கல்யாணத்துக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ திரும்பி வந்தபோது சொல்லியிருக்கலாம். மூடநம்பிக்கை என்று கேலி பண்ணுவாய், எனக்கு அது பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. அவ்வளவு சின்னக் காரணம்தான்.

அடுத்த மழைக்கு நீ நம் குளத்துத் தவளைகளை மறுபடி தடவி எடுத்தாய். நோய் இருந்தது. அதோடு ஒரு பெரிய ஆண் தவளை முழுக்கச் செம்மண்டலத்துச் சாடையில் இருந்தது. இளசுகள் சிலது பாதி நம் ஊர், பாதி செம்மண்டலம். நான் நடத்தி வைத்த கல்யாணம் பலித்திருந்தது. உனக்கு அது தெரியாது. தலை கால் புரியாமல் எல்லாவற்றையும் உன் பேராசிரியரிடம் கொண்டுபோனாய். கடலூர்க் குட்டைத் தவளை அத்தனை தூரம் நடந்தா வந்தது என்று கேட்டார். வீட்டில் உட்கார்ந்து குழாயை மாற்றி வைத்துவிட்டுக் கதை கட்டுகிறாய் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இன்றைக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். அறை நிறைய மாணவர்கள் இருக்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பன் தவளையைச் சாக்குல போட்டு வித்தான், புள்ள குழாயில போட்டு விக்கிறான்." உன் அப்பா எந்தப் பின்வாசலில் நின்றாரோ, அந்த வாசலுக்கு உள்ளே நின்று சொன்னார். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன்னோடு படித்த பையன் சொன்னான். நீ வீட்டுக்கு வந்து நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். பிறகு படிப்பை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது தானாகவே வாய் விட்டாய். "ஒரே ஒரு ஆண் தவளைம்மா. அது மட்டும் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும், நான் பொய் சொல்லலைன்னு ஆயிடும்" என்றாய். குழம்புக் கரண்டி என் கையில் இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் குழம்பை ஊற்றிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். பதினோரு நாள் சொல்லவில்லை. பட்டினிக்கும் நோய்க்கும் பயப்படாதவள், நீ என் கையால் சாப்பிட மாட்டாயோ என்று பயந்தேன். பன்னிரண்டாம் நாள் சொல்லப் புறப்பட்டேன். அங்கேயும் ஒரு தப்பு. உன்னிடம் வராமல் நேரே உன் பேராசிரியரிடம் போனேன். நானே போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, நல்ல செய்தியோடு உன்னிடம் வரலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நீ யாருக்காவது கெடுதல் செய்ய நேர்ந்தால், முதலில் அந்த ஆளிடமே போய்ச் சொல். சுற்று வழியாகப் போகாதே. சுற்று வழியில் நின்றுகொண்டு எடுத்துக்கொள்கிறவன் ஒருத்தன் இருப்பான்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மகன் அனுப்பினானா என்று கேட்டார். அவனுக்குத் தெரியாது என்றேன். நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். வாளி, பஸ், மாப்பிள்ளை என்று வந்தபோது சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு கேட்டேன். "குழாய் மாறிப்போச்சுன்னா முழுசா இல்ல சார் மாறும்? சின்னதுங்களுக்குப் பாதி பாதி எப்படி வந்துச்சு?"

அவர் சிரிப்பு நின்றது. நன்றாகக் கவனித்தேன், தம்பி. அவருக்குப் புரிந்துவிட்டது. அஞ்சாவது படித்தவளுக்குத் தோன்றியது அத்தனை படித்தவருக்கு ஒரு வருஷமாகத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியும் பேசாமல் இருந்தார். "இதை அப்படியே எழுதிக் குடுங்கம்மா, உங்க பையனுக்கு நல்லது" என்றார். அப்போதுதான் நாற்காலி வந்தது, டீ வந்தது. எந்த வாரம், எந்தக் குட்டை, எத்தனை நாள் வாளியில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ரெண்டு தாள் எழுத வைத்தார். அந்த டீயை நியாயம் என்று நினைத்துக் குடித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று இருந்தேன், நீ சிரித்துக்கொண்டே அழுதாய். நாளைக்கே கூப்பிடுவார் என்றாய். கூப்பிடவில்லை. நீயாகப் போனபோது, பார்க்கலாம், அவசரப்படாதே என்றாராம்.

அடுத்த வருஷம் உன்னோடு படித்த அதே பையன் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். சடங்குக்காக மனிதர்கள் தவளைகளை இடம் மாற்றுவதால் நோய் குளத்துக்குக் குளம் போகிறது, அந்தந்தக் குளத்துத் தவளையின் சாடையும் கலந்துபோகிறது என்று எழுதியிருந்ததாம். உன் குளங்கள், உன் குழாய்கள், உன் கணக்கு. பெயர் மட்டும் அவருடையது. நன்றி சொல்கிற இடத்தில்கூட நீ இல்லை. என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது, ஊர்ப் பெண் ஒருவர் சொன்ன தகவல் என்று. பொய் என்று உன்னைத் துரத்தியது எதற்கோ, அதையே உண்மை என்று சொல்லி வெளிநாட்டு மேடையில் கைதட்டல் வாங்கினார். என் கையெழுத்தில் இருந்த அந்த ரெண்டு தாளுக்கு நகல் என்னிடம் இல்லை. நகல் எடுக்க வேண்டும் என்று தெரியாதவளாக இருந்தேன். நீ இனி யாருக்கு எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும்.

நம் குளம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கடுத்த ஆடியில் கரையோரம் செத்துக் கிடந்ததுகளை உன்னோடு சேர்ந்து நானும் பொறுக்கினேன். கால் விரித்து, தோல் உரிந்து கிடந்தன. முதல் மழைக்கு மஞ்சளாக மாறிக் குளமே அதிரக் கத்துகிற ஆண்கள் அந்த வருஷம் நாலைந்துதான் கத்தின. வயலில் அடிக்கிற மருந்தும் ஜாஸ்தியாகிவிட்டது, நோய் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று நீ சொல்கிறாய். ஆராய்ச்சிக்காரன் அப்படித்தான் பேச வேண்டும். நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. என்னை நான் விடவில்லை. கீரப்பாளையம் சுற்று வட்டாரத்தில் எங்கே தவளைக் கல்யாணம் என்று காதில் விழுந்தாலும் போய் நிற்கிறேன். ஊர் விட்டு ஊர் மாப்பிள்ளை கூடாது, ஒரே குளம்தான், பாத்திரத்தை வெயிலில் காயவைத்த பிறகுதான் என்கிறேன். நான் சொல்லிக் கொடுத்த அண்ணன் தங்கச்சி முறையை வைத்தே என்னை மடக்குகிறார்கள். அப்படி வெளியூர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்றால், தாலி கட்டியதும் மாப்பிள்ளையைக் குளத்தில் இறக்காமல் வாளியோடு வாங்கி அவன் ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன். "தாலி கட்டுன கையோட பிரிச்சு இட்டுக்கினு போறியே, நீயெல்லாம் ஒரு சம்பந்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாண்டி, எங்க வூட்டுச் சம்பந்தம் அப்படித்தான் என்றேன். ஏச்சும் பேச்சும் என் தண்டனை, வாங்கிக்கொள்கிறேன். அவருக்கு யார் கொடுத்தார்கள்?

நீ மறுபடி ஆராய்ச்சிக்குப் போனாய், அதே பேராசிரியரின் கீழேதான், வேறு வழி இல்லை. வேறு குளங்கள், புதுக் குழாய்கள், முதலிலிருந்து. தானே புயலில் வீட்டு ஓடு பறந்தபோது குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நீ அணைத்துக்கொண்டு ஓடியது அந்த ஆராய்ச்சித் தாள்கட்டைத்தான். அதை எழுதி முடித்துக் கொடுத்து மாதக்கணக்கில் அவர் மேஜையில் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அப்போது அவருக்கு ஓய்வுபெறும் விழா வந்தது. மாணவர் சார்பில் நீ வாழ்த்திப் பேசு, முடித்துவிடலாம் என்றார். உனக்குத் தூக்கம் போனது. போகாதே என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாய். போ என்றேன், நானும் வருகிறேன் என்றேன். அவரால்தான் தவளைகளைக் கேள்வி கேட்கக் கற்றேன் என்று நீ மேடையில் பேசியபோது குரல் தழுதழுத்தது. சபையில் இருந்தவர்கள் அதை நன்றி என்று நினைத்தார்கள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறி நான் சால்வை போர்த்தினேன். அவர் குனிந்து, "பழசெல்லாம் மறந்துட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "கையெழுத்து போடுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாளே போட்டுவிட்டார்.

தம்பி, நாளைக்கு உன் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ஒருத்தன் வந்து நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், பொய்யன் என்பதற்கு முன்னால் அவன் ஊருக்குப் பஸ் ஏறிப் போ. சிதம்பரத்திலிருந்து நம் ஊர் அரை மணி நேரம். அவர் ஒரு நாள் வந்து குளக்கரையில் துணி துவைக்கிற எவளை வேண்டுமானாலும் கேட்டிருந்தால், மாப்பிள்ளை எந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தார், என்ன மேளம் அடித்தோம் என்று எல்லாம் சொல்லியிருப்பாள். வரவில்லை. தவளை வித்தவன் வீட்டுக்கு எதற்கு வருவது?

அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இதையும் படித்தால் போதும், குளமும் குட்டையும் அவர்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்றவருக்குப் பதவி போகாது, பென்ஷன் போகாது, அது எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில், கூட்டங்களில், அவர் உள்ளே நுழையும்போது ரெண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உன்னை எல்லாரும் அன்றைக்குப் பார்த்த மாதிரி. எனக்கு அது போதும். உன் பழைய குழாய்களும் நோட்டுகளும் இருக்கின்றன, அந்தக் கட்டுரை வந்த பத்திரிகைக்கு நீ எழுதலாம். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். என் பங்கை நான் செய்துவிட்டேன், உன்னைக் கேட்காமலே செய்தேன், அதற்கு என்னைத் திட்டு.

இது அச்சில் வந்த அன்றைக்கே அவர் உனக்குப் போன் பண்ணுவார். முதலில் சத்தம் போடுவார், பிறகு குரலை இறக்கிப் பேசுவார். நீ இளகிவிடுவாய். எங்க அம்மா படிக்காதவங்க, தெரியாம எழுதிட்டாங்க சார் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதே. என் நம்பரைக் கொடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அம்மா